பவளம் கற்பித்த பாடம்

சிராங்கூன் சாலையில் மாலை வேளையில் நடந்து செல்வோர் நகைக்கடைகளின் கண்ணாடிப் பேழைகளைப் பாராமல் செல்லுதல் அரிது. பொன்னுக்கும் முத்துக்கும் இடையே சிவந்த பவளம் அங்கே ஒளிவிடும். ஒன்பான் மணிகளுள் ஒன்றாகப் பவளத்தைப் போற்றியவர்கள் நாம். துகிர் என்று அதற்குப் பழம்பெயரும் வைத்தோம். பெண்ணின் இதழுக்கும் விடியற்கால வானுக்கும் அதனையே உவமையாக்கினோம். செவ்வாய்க்கு உகந்தது என்று பிறர் சொல்லக் கேட்டு என் தந்தையார் வாங்கி அணிந்த பவள மோதிரம், அவருக்குப் பின் என் விரலுக்கு வந்தது. பல ஆண்டுகள் அதனை அணிந்தவாறே தமிழ்ப்பாடம் நடத்தியிருக்கின்றேன். அது கல் என்பதில் எனக்கு ஒருநாளும் ஐயம் எழுந்ததில்லை.

ஐயத்தை எழுப்பியவள் உயர்நிலை முதலாம் வகுப்பு மாணவி ஒருத்தி. உயிர்களை அவற்றின் அறிவுக்கு ஏற்பத் தொல்காப்பியர் ஆறாக வகுத்திருப்பதை விளக்கிக்கொண்டிருந்தேன். புல்லும் மரமும் ஓரறிவுயிர், மனிதன் ஆறறிவுயிர். இடையில் நின்றவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதி முடித்தபோது அவள் எழுந்து, "ஐயா, உங்கள் மோதிரத்தில் இருப்பது இவற்றுள் எந்த வரிசையில் சேரும்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, "அது கல், அம்மா" என்றேன். "அறிவியல் ஆசிரியர் அதை உயிர் என்றாரே, ஐயா" என்றாள் அவள். ஆசிரியர்க்கு விடை தெரியாத நேரத்தில் மணியடிப்பது பெரும்பேறு. அன்று எனக்கு அப்பேறு வாய்த்தது.

விடை தேடிப் படித்தபோது வியப்பே மிஞ்சிற்று. பவளம் ஒரு விலங்கு. ஊசிமுனை அளவினவும் விரல்நுனி அளவினவுமாகிய சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டி வாழும் குடும்பமே நாம் பவளம் என்று காணும் வடிவம். ஒவ்வோர் உயிருக்கும் ஒரு வாயும் அதனைச் சூழ்ந்து சில உணர்கொம்புகளும் உண்டு. வெப்பக் கடல்களில் பாறை எழுப்பும் பவளங்களின் உடலுக்குள்ளே கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசி குடியிருக்கின்றது. அப்பாசி கதிரொளியைக் கொண்டு உணவு சமைத்துப் பவளத்திற்கு ஊட்டுகின்றது. பவளம் பாசிக்கு இருப்பிடம் தருகின்றது. கடல்நீரிலுள்ள சுண்ணத்தை எடுத்துப் பவளம் தன் காலடியில் எலும்பாகப் படியவைக்கின்றது. விலங்கும் செடியும் கல்லும் ஒன்றாய்க் கூடிய இவ்வுயிரை எந்த வரிசையில் நிறுத்துவது? என் மோதிரத்துப் பவளம் வேறு வகையைச் சேர்ந்தது. அது மத்தியதரைக் கடலின் ஒளி குறைந்த ஆழங்களில், ஓராண்டில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிக்காமல், மெல்ல வளரும் செம்பவளம். ஆயினும் அதுவும் உயிர் விட்டுச் சென்ற எலும்பே. மாணவி கேட்டது முறையான கேள்வி.

என் பழைய மாணவர் ஒருவர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடொன்றில் பவளம் வளர்க்கின்றார் என்று கேள்வியுற்றிருந்தேன். நேரிற் காணச் சென்றேன். வரவேற்பறையின் ஒரு பக்கத்தில் கண்ணாடித் தொட்டி. அதனுள் நீல ஒளி. ஒளியில் அசையும் பச்சையும் ஊதாவுமான கிளைகள். அழகைக் கண்டு நான் நின்றேன்; அவரோ அதன் பின்னுள்ள உழைப்பை விளக்கினார். ஆயிரம் பங்கில் முப்பத்தைந்து பங்கு உப்பு நீரில் இருத்தல் வேண்டும். நம் நாட்டின் வெப்பத்தில் தொட்டிநீர் எளிதில் முப்பது பாகையைத் தாண்டிவிடும். ஆகவே குளிர்விக்கும் கருவி அதனை இருபத்தாறு பாகையளவில் நிறுத்துதல் வேண்டும். ஒரு லிட்டர் நீரில் நானூறு மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணச்சத்து இருத்தல் வேண்டும். நீர் ஓயாது ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று பிறழினும் பவளம் நிறமிழக்கும். பிறழ்வு நீடித்தால் மடியும்.

பின்னர் அவர் செய்த செயல் என்னைத் திடுக்கிடச் செய்தது. கையுறை அணிந்து, கிளைத்து வளர்ந்திருந்த ஒரு பவளத்தை நீரிலிருந்து எடுத்தார். எலும்பு வெட்டும் இடுக்கியால் அதன் கிளையொன்றை நறுக்கென்று வெட்டினார். வெட்டிய துண்டை அயோடின் கலந்த நீரில் நனைத்து, சுட்ட மண்ணாலான சிறு வட்டொன்றில் பசையிட்டு ஒட்டினார். "இதைப் பள்ளிக்கு எடுத்துச் செல்லுங்கள், ஐயா. சில வாரங்களில் காயம் ஆறிவிடும், அடி பரப்பி வளரத் தொடங்கிவிடும்" என்றார். தாய்ப்பவளமும் வெட்டுண்ட இடத்தில் மீண்டும் தளிர்க்கும் என்றார்.

உயிரை வெட்டுவது அறமாகுமா என்று அவரிடம் கேட்டேன். அவர் சிரித்து, "புயலடித்தால் கடலே இதைத்தான் செய்கிறது, ஐயா" என்றார். உண்மைதான். கிளைப்பவளங்கள் அலையின் தாக்குதலால் ஒடிந்து, ஒடிந்த துண்டு விழுந்த இடத்தில் வேர்கொள்வதுபோல் பற்றி வளர்வது இயற்கையில் உள்ள முறையே. பவளத்திற்கு மூளை இல்லை. நரம்பு வலை மட்டுமே உண்டு. நாம் உணர்வதுபோல் அது நோவை உணர்கின்றது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் இயற்கை செய்கின்றது என்பதனால் மட்டும் ஒரு செயல் மனிதனுக்கு அறமாகிவிடாது. புயலுக்கு நோக்கம் இல்லை; வெட்டுபவனுக்கு நோக்கம் உண்டு. வெட்டிய துண்டு எங்கே செல்கின்றது, எதன் பொருட்டுச் செல்கின்றது என்னும் கேள்விக்கு அவன் விடை சொல்லியே ஆகவேண்டும்.

நான் எழுவதற்குமுன் அவர் இன்னொன்றும் கூறினார். "இந்தப் பவளத்தின் துண்டுகள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன என்று எனக்கே தெரியாது. ஒருமுறை என் தொட்டி முழுவதும் அழிந்துவிட்டது. நண்பர் ஒருவர் வீட்டுக்குச் சென்று, நான் கொடுத்திருந்ததையே திரும்பப் பெற்று வந்தேன்." அன்று அச்சொற்களை நான் செவியால் மட்டும் கேட்டேன்.

பள்ளியில் ஓர் அறையை ஒதுக்கித் தொட்டி அமைத்தோம். அறிவியல் ஆசிரியரும் மாணவர்களும் உப்பளந்தார்கள், வெப்பமளந்தார்கள், ஏட்டில் குறித்தார்கள். இரண்டாம் ஆண்டில் விரலளவு துண்டு கையளவு மரமாயிற்று. அதன் அழகைக் காட்டுவதில் எனக்குப் பெருமை மிகுந்தது. வருகைதரும் விருந்தினர்களை முதலில் அந்த அறைக்கே அழைத்துச் சென்றேன். அவ்வாறு வந்தவர்களுள் வேறொரு பள்ளியின் ஆசிரியை ஒருவர், "ஐயா, எங்கள் மாணவர்களுக்கும் ஒரு துண்டு தருவீர்களா?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம் வளரட்டும், அம்மா, இப்போது வெட்டினால் வடிவம் கெட்டுவிடும்" என்று மறுமொழி கூறினேன். சில திங்கள் கழித்து அவர் மீண்டும் கேட்டார். நான் மீண்டும் அதனையே கூறினேன். வடிவம் கெடும் என்பது முழுப்பொய்யன்று. ஆனால் அது முழு உண்மையும் அன்று. எங்கள் பள்ளியில் மட்டும் இருப்பது என்னும் பெருமை குறைந்துவிடும் என்பதே நான் சொல்லாத காரணம்.

அவ்வாண்டின் சூன் விடுமுறையில் நான் தமிழகம் சென்றேன். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தேன்; ஆனால் அறையின் சாவி ஒன்றை என்னிடமும், மற்றொன்றைப் பூட்டிய என் மேசையிலும் வைத்திருந்தேன். காரணம் கேட்டால், பிறர் கை பட்டுப் பழுதாகிவிடும் என்னும் அச்சம். நான் வருவதற்குச் சில நாள்களுக்குமுன் அவ்வறையின் மின்னிணைப்பு தானே துண்டித்துக்கொண்டது. நீரோட்டம் நின்றது, உயிர்வளி குறைந்தது, நீர் சூடேறிற்று. வெளியிலிருந்து கண்ணாடி வழியே கண்டவர் உள்ளே செல்ல இயலாமல் தவித்தார். கதவை உடைத்துத் திறந்தபோது தொட்டியில் உயிர் என்று சொல்ல ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. நான் திரும்பி வந்து கண்டது வெள்ளை எலும்பு ஒன்றை மட்டுமே.

பழைய மாணவரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைக் கூறினேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "யாருக்காவது ஒரு துண்டு கொடுத்திருந்தீர்களா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். ஆசிரியப் பணியில் எத்தனையோ ஆயிரம் கேள்விகளை நான் பிறரிடம் கேட்டிருக்கின்றேன். அந்த ஒரு கேள்விக்கு முன்னால் விடையின்றி நின்றேன்.

அன்புக்குரிய ஆசிரிய நண்பர்களே, இக்கட்டுரையின் கேள்வி அதுவே. ஒன்றைக் காத்தல் என்பது யாது? பூட்டி வைத்தலையே காத்தல் என்று நாம் பெரும்பாலும் எண்ணுகின்றோம். பொன்னுக்கு அது பொருந்தலாம். பேழைக்குள் இருக்கும் பொன் குறையாது, வளராது, மடியாது. உயிருள்ள ஒன்றுக்கு அந்த இலக்கணம் பொருந்தாது. உயிர் ஓரிடத்தில் மட்டும் இருக்குமாயின் அவ்விடத்துக்கு வரும் கேடு ஒவ்வொன்றும் அதற்கு முழுக்கேடாக முடியும். இரண்டிடத்தில் இருக்குமாயின் ஒன்றன் அழிவு மற்றொன்றால் ஈடுசெய்யப்படும். நான் அந்த ஆசிரியைக்கு மறுத்தபோது பவளத்தைக் காப்பதாக எண்ணினேன். உண்மையில் அதன் ஒரே வாழ்வழியை அடைத்தேன். என் பூட்டு பவளத்தைக் கள்வரிடமிருந்து காத்தது. காக்க வந்தவரிடமிருந்தும் காத்துவிட்டது.

இதனை எண்ணியபோது வேறொரு பூட்டும் நினைவுக்கு வந்தது. முப்பது ஆண்டுகளாக நான் ஆக்கித் திரட்டிய இலக்கணப் பயிற்சித்தாள்கள் என் அலமாரியில் இருந்தன. இளம் ஆசிரியர்கள் கேட்டபோதெல்லாம், "திருத்திய பிறகு தருகிறேன்" என்று சொல்லி வந்திருக்கின்றேன். திருத்தம் ஒருநாளும் முடிந்ததில்லை. நம்மில் பலரிடம் இத்தகைய அலமாரி ஒன்று இருக்கும் என்று கருதுகின்றேன். ஒரு சிறு நாட்டில், வீட்டுக்கு வீடு குறைந்து வரும் பேச்சுமொழி ஒன்றைக் கற்பிக்கும் நாம், கற்பிக்கும் கருவிகளை ஒருவர்க்கொருவர் மறைத்து வைத்தல் எத்துணை அறியாமை! அவ்வாரமே அலமாரியைத் திறந்தேன்.

எனினும், பகிர்ந்துவிட்டால் எல்லாம் நிறைவுறும் என்று முடித்துவிடுதல் எளிமைப்படுத்துதல் ஆகும். பவளமே அதனையும் கற்பிக்கின்றது. ஒரே தாயிலிருந்து வெட்டிய நூறு துண்டுகள் நூறு வீடுகளில் வளரினும் அவை நூறு உயிர்வகைகள் ஆகா. ஒரே உயிரின் நூறு படிகள். தாயைக் கொல்லும் நோய் அத்தனையையும் கொல்லக்கூடும். கடல் வேறுவகையில் பெருக்குகின்றது. சிங்கப்பூர்க் கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாத அளவில், முழுநிலவுக்குப் பின்வரும் சில இரவுகளில், பலவகைப் பவளங்கள் ஒரே நேரத்தில் கருவணுக்களை நீரில் விடுகின்றன. அவை கலந்து பிறக்கும் ஒவ்வோர் இளவுயிரும் தாயினும் வேறானது, தந்தையினும் வேறானது. அந்த வேறுபாட்டில்தான் நாளைய வெப்பத்தைத் தாங்கும் வல்லமை ஒளிந்திருக்கலாம். படியெடுத்தல் காப்பின் ஒரு பகுதி. புதியது பிறக்க இடம்விடுதல் அதன் மறுபகுதி. ஆசிரியர்களாகிய நாம் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம்மை அப்படியே படியெடுக்கும் மாணவரை மட்டும் உருவாக்கினால், நமக்கு வந்த நோய் அவர்க்கும் வரும்.

மேலும், வீட்டுத் தொட்டி ஒருநாளும் கடலாகாது. தொட்டியில் வளர்த்ததைக் கடலில் கொண்டுவிடுவது அறமும் அன்று, அறிவும் அன்று. அயல்நாட்டு உயிர்களும் நோய்களும் அதனோடு சென்று சேரும். தொட்டியின் குளிர்விப்பானும் விளக்கும் உண்ணும் மின்சாரம் ஏதோ ஓர் எரிபொருளிலிருந்து வருகின்றது. அவ்வெரிபொருளின் புகையே கடலைச் சூடாக்குகின்றது. கல்பவளங்கள் அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. சிங்கப்பூர் 1986-இல் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. சிராங்கூன் நார்த் வட்டாரத்து மீன்கடைகளில் பவளம் வாங்குபவர், "இது கடலில் பெயர்த்ததா, தொட்டியில் வளர்த்ததா?" என்று கேட்டே வாங்குதல் வேண்டும். அவர் கேட்காதவரை, வீட்டில் பவளம் பெருக்குவோரின் உழைப்பால் கடலின் சுமை குறையாது.

சுமை சிறிதன்று. 1960-களிலிருந்து நடைபெற்ற நிலமீட்பினால் இந்நாட்டின் பவளப்பாறைகளில் பாதிக்கு மேற்பட்டவை மறைந்துவிட்டன. நாம் வாழும் வீடுகளும், செல்லும் சாலைகளும், பிழைக்கும் துறைமுகங்களும் அம்மீட்பின் பயன்கள். அவற்றைத் துய்த்துக்கொண்டே பழிகூறுதல் நேர்மையாகாது, மறந்துவிடுதலும் நேர்மையாகாது. இத்தனைக்குப் பிறகும் 250-க்கு மேற்பட்ட கல்பவள வகைகள் தென்தீவுகளைச் சூழ்ந்த கலங்கல் நீரில், கப்பல்களின் நடுவே வாழ்கின்றன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளிலும் மீண்டும் 2024-இலும் கடல் சூடேறியபோது அவை நுண்பாசியை இழந்து வெளிறின. அவற்றுள் பல மீண்டும் நிறம் பெற்றன. துன்பத்தைத் தாங்கி நிற்கும் அவ்வுயிர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள்.

அக்கடனைத் தீர்க்கும் முயற்சியும் தொடங்கியிருக்கின்றது. தேசியப் பூங்காக் கழகம் ஒரு லட்சம் பவளங்களைக் கடலில் நடும் திட்டத்தை 2024 டிசம்பரில் தொடங்கியது. பத்தாண்டுகளுக்குமேல் நடைபெறவிருக்கும் அத்திட்டத்திற்காகச் செயின்ட் ஜான்ஸ் தீவில் பவளத் துண்டுகளைத் தொட்டிகளில் வளர்க்கின்றனர். என் மாணவர் வரவேற்பறையில் செய்த அதே செயலே அங்கும் நடைபெறுகின்றது. வெட்டுகின்றனர், ஒட்டுகின்றனர், காயம் ஆறக் காத்திருக்கின்றனர். வேறுபாடு ஒன்றே. அங்கே வளர்ப்பவர் தமக்கென வைத்துக்கொள்வதற்காக வளர்க்கவில்லை. கடலுக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக வளர்க்கின்றனர்.

நம் முன்னோரின் கரையிலும் இக்கதை உண்டு. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியைச் சூழ்ந்த பவளப்பாறைகளைப் பல்லாண்டுக் காலம் வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தினர். 1986-இல் இருபத்தொரு தீவுகள் கொண்ட அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எனினும் வெட்டுதல் அதன் பின்னரும் ஏறத்தாழ 2005 வரை தொடர்ந்தது. இருபத்தொரு தீவுகளுள் இரண்டு இன்று நீரின் மேல் இல்லை. தீவைத் தாங்கி நின்றது பாறை. பாறையை எழுப்பியது பவளம். பவளத்தை வெட்டி வீடு கட்டினோம். ஆனால் அதே தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டு வளர்த்து வருகின்றனர். வெட்டுதல் என்னும் ஒரே வினை அங்கே அழிவாகவும் ஆக்கமாகவும் நின்றது. கருவியைக் கண்டு வினையின் அறத்தைச் சொல்ல இயலாது. வெட்டிய துண்டு சூளைக்குச் செல்கின்றதா, வேறோர் இடத்தில் உயிர்வாழச் செல்கின்றதா என்பதைக் கண்டே சொல்ல இயலும்.

இப்போது எங்கள் பள்ளியில் மீண்டும் ஒரு துண்டு வளர்கின்றது. அதே பழைய மாணவர் அதே பவளத்திலிருந்து வெட்டிக் கொடுத்தார். பிறர்க்குக் கொடுத்திருந்தமையால் அவரிடம் அது குறையவே இல்லை. இரண்டு கிளை விட்டதும் முதற்கிளையை வெட்டினோம். வடிவம் கெட்டது உண்மையே. ஒருபுறம் சற்று மொட்டையாகத் தோன்றுகின்றது. வெட்டிய துண்டை நானே எடுத்துச் சென்று, இருமுறை கேட்டு இருமுறையும் என்னிடம் ஏமாந்த அந்த ஆசிரியையிடம் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். அவர், "வளர்ந்தால் உங்களுக்கும் ஒன்று வைத்திருப்பேன், ஐயா" என்றார். அறையின் சாவி இன்று ஆசிரியர் அறைச் சுவரில், எவரும் எடுக்கக்கூடிய ஆணியில் தொங்குகின்றது.

மடிந்த பவளத்தின் வெள்ளை எலும்பு என் மேசைமேல் இருக்கின்றது. தந்தையாரின் மோதிரமும் என் விரலில் இருக்கின்றது. இறந்தவர் நினைவாகிய அதனைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை; ஆனால் புதிதாக ஒன்றை வாங்கி என் மகனுக்கு அணிவிக்கப் போவதில்லை. அன்று கேள்வி கேட்ட மாணவி இப்போது வேறு வகுப்புக்குச் சென்றுவிட்டாள். ஒருநாள் தாழ்வாரத்தில் அவளை நிறுத்தி, "அம்மா, நீ அன்று கேட்டாயே, அது உயிர்தான். கல் என்று சொன்னது என் பிழை" என்றேன். அவள் சற்று நாணி, "எந்த வரிசையில் சேரும், ஐயா?" என்று மீண்டும் கேட்டாள்.

அவ்விடை எனக்கு இன்னும் கிட்டவில்லை. ஆனால் ஆறறிவு உடையவர் என்று வரிசையின் முடிவில் நம்மை நாமே நிறுத்திக்கொண்டோமே, அவ்விடத்திற்கு உரியது ஒன்று உண்டு என்பதை அறிந்துகொண்டேன். எவ்வளவு அருமையானதாயினும் நம் ஒருவர் கையில் மட்டும் இருப்பது இன்னும் காக்கப்படாதது என்று உணர்தலே அது.